சிவப்புப் புள்ளி வைத்த கிளாஸ்

எங்கள் ஆசிரியர் அறை அலுமாரியின் மேல்தட்டில், பழைய வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னால், ஒரு தேநீர்க் கிளாஸ் இருந்தது. அதன் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி. மற்றக் கிளாஸ்கள் எல்லாம் வருடா வருடம் உடைந்து, புதியவை வந்து, அவையும் உடைந்து போயின. இது மட்டும் உடையவில்லை. யாரும் தொடாத பொருள் எப்படி உடையும்? புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியர்கள் எதையாவது தேடப் போய் அதைக் கண்டு, "இது என்ன சேர், சாமிக்கு எடுத்து வச்சதோ?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கும். "அது பழைய கிளாஸ், வையுங்க" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன். எனக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு தடவையாவது அந்தக் கதையை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று இந்த வருடத் தொடக்கத்தில் நடந்த ஒன்று என்னை நினைக்க வைத்தது. சொல்ல உரியவரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். பேர் மட்டும் வேண்டாம் என்றார்.

எங்கள் பள்ளிக்கூடம் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. எழுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் காலையில் பாதையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகிற தட்டையான படகுக்குப் பேர் பாதை. சுகாதார ரீச்சரும் நானும் பல வருடம் அதில் ஒன்றாக வந்து போனவர்கள். நான் கணிதம். அவர் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பித்தார், பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்கினார். பருத்த உடம்பு, பெரிய குரல், மூக்குக்கு மேலே கோபம். அவர் விசில் ஊதினால் பக்கத்து வயல் வட்டையில் மேய்கிற மாடுகளும் வரிசையில் நிற்கும் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். தோளில் ஒரு துணிப்பை எப்போதும் தொங்கும். அதற்குள் கையுறைப் பெட்டி, பஞ்சு, சவர்க்காரம், ஒரு போத்தல் குளோரின் தண்ணீர், பழைய பத்திரிகைத் தாள். பிள்ளை விழுந்து முழங்கால் தேய்ந்தாலும் சரி, வெயிலில் நின்று மூக்கால் இரத்தம் வந்தாலும் சரி, முதலில் கையுறை, பிறகுதான் பிள்ளை. அழுகிற பிள்ளையை முன்னால் இருத்திவிட்டு அவர் விரல் விரலாக உறை மாட்டுவதைப் பார்க்க எனக்கே சில நேரம் எரிச்சல் வரும்.

எங்கள் ஊரில் பிள்ளைக்கு இரத்தம் வந்தால் கிட்ட நிற்கிறவர் வெறுங்கையால் பொத்திப் பிடிப்பார். பெண்கள் சேலைத் தலைப்பால் துடைப்பார்கள். விரல் வெட்டுப்பட்டால் வாயில் வைத்து உறிஞ்சி விடுகிறவர்களும் உண்டு, கோப்பித் தூள் அப்புகிறவர்களும் உண்டு. அதுதான் எங்களுக்கு அன்பு. உறை போட்டுக்கொண்டு தொடுவது அருவருப்பு. ஒரு காலத்தில் தொட்டால் தீட்டென்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களுக்கு அது அருவருப்போடும் நிற்காது, பழைய புண்ணில் விரலை விட்ட மாதிரி. வாவியில் மீன் பிடிக்கிற ஒரு தகப்பன் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் நின்று போட்ட சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம். "என்ட புள்ளைக்கு என்ன சீக்கோ? கிளவுஸ் போட்டுத் தொடுறாவாம். எங்கட புள்ளையளத் தொட அருவருப்பெண்டா என்னத்துக்கு இஞ்ச படிப்பிக்க வாறீங்க?" ரீச்சரும் லேசுப்பட்டவர் இல்லை. "பள்ளிக்கூட அதிபர்ர மகன் விழுந்தாலும் கிளவுஸ்தான், என்ட மகள் விழுந்தாலும் கிளவுஸ்தான். ரத்தத்தப் பாத்து ஆரிட்ட என்ன இரிக்கெண்டு சொல்ல ஏலா. அதால எல்லாருக்கும் ஒரே மாதிரி" என்று அவரும் கத்தினார். அந்தத் தகப்பனுக்கு விளங்கவில்லை, ஊருக்கும் விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஆசிரியர் அறையில் எங்களுக்கும் பாதிதான் விளங்கியது.

முதலுதவி பற்றிச் சுற்றுநிருபம் வரும். இரத்தக் கசிவை எப்படிக் கையாள வேண்டும், சிந்திய இடத்தை எப்படித் துடைக்க வேண்டும், பாவித்த பஞ்சை எங்கே போட வேண்டும் என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கும். கையுறை மட்டும் வராது. ரீச்சர் தெரிந்த தாதிமாரிடம் கெஞ்சியும், மருந்துக்கடையில் வாங்கியும் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். இதெல்லாம் இப்போதும் அப்படித்தான், எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

அது ஒரு மாரிகாலம். ஆசிரியர்கள் பாதிப் பேர் வரவில்லை. பாடம் இல்லாத பத்தாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். நான் போனபோது கடைசி வாங்கில் ஐந்து பெண்பிள்ளைகள் தலையை ஒன்றாக வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஒருத்தியின் குடும்பம் ஊரை விட்டுப் போகப்போகிறது என்று கதை அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். (அந்தக் குடும்பம் கடைசியில் போகவும் இல்லை.) பிரிந்தாலும் பிரியாத சினேகிதம் என்று, ஒரே கவராயத்தின் முனையால் ஐந்து பேரும் முழங்கைக்குக் கீழே ஆளுக்கொரு புள்ளி குத்தி, கையோடு கை அழுத்திப் பிடித்திருந்தார்கள். வட்டம் கீற நான் கொண்டுவரச் சொன்ன கவராயம். ஏச வாயெடுத்தேன், அதற்குள் ஒருத்தி அழத் தொடங்கிவிட்டாள். சரி, இது ரீச்சரின் வேலை என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன்.

அவர் வழக்கம்போலச் சத்தம் போட்டுக்கொண்டுதான் வந்தார். வாசலுக்குள் கால் வைத்து அந்த ஐந்து முகங்களையும் பார்த்ததும் சத்தம் நின்றுவிட்டது. ஒவ்வொரு பிள்ளையாகக் குழாயடிக்குக் கூட்டிப்போய், ஒவ்வொருத்திக்கும் புது உறை மாற்றி, சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கழுவிவிட்டார். கவராயத்தைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டார். பிறகு சுகாதார அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். அடுத்த நாளே ஐந்து பேரும் பெற்றோருடன் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் பரிசோதித்துத் தடுப்பூசி தொடங்க வேண்டும் என்று சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் பிறந்த காலத்தில் இந்த ஊசி எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அந்த ஐவரில் ஒருத்தியின் தாய்க்கு, அடுத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது எடுத்த பரிசோதனையில், ஈரலைத் தாக்குகிற ஹெப்படைடிஸ் பி கிருமி இரத்தத்தில் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். மூத்தவளைப் பரிசோதித்தால் அவளுக்கும் இருந்தது, பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்தது. அவளைப் பார்த்தால் ஒரு நோய் வருத்தமும் தெரியாது. ஓடுவாள், சிரிப்பாள், வலைப்பந்து விளையாடுவாள். விளையாடுகிற பிள்ளை விழும் என்பதால் தாய் ரீச்சரிடம் மட்டும் இரகசியமாகச் சொல்லியிருந்தார். ரீச்சர் அதை அதிபரிடம்கூடச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கும். அதற்குச் சில வருடங்களுக்கு முன், வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பி நோயாகிச் செத்த ஒருவரின் மகள் எங்களிடம் படித்தாள். தகப்பனுக்கு என்ன வருத்தம் என்று ஊர் தானே ஒரு பேர் வைத்துக்கொண்டது. அந்தப் பிள்ளையை யாரும் போகச் சொல்லவில்லை. வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவளே நின்றுவிட்டாள். ரீச்சர் இரண்டு மூன்று தடவை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. அந்தத் தோல்வி அவருக்குள் ஆறாமல் கிடந்தது என்று நினைக்கிறேன்.

ஐந்து பேருக்கு இரத்தப் பரிசோதனை என்றதும் ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தெரிய வேண்டியதைத் தவிர. "ஆரோ ஒரு புள்ளைக்குப் பொல்லாத வருத்தமாம், மற்றதுகளுக்கும் ஏத்திட்டாளாம்." மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் வந்து நின்றார்கள். அவர்களோடு சம்பந்தமில்லாத பெற்றோரும் மண்டபம் நிறைய. பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கச் செயலாளர் எழும்பி, "ஆரெண்டு சொல்லுங்க. அந்தப் புள்ளைய வேற பள்ளிக்கூடத்தில சேக்கட்டும். சொல்லாட்டி எங்கட புள்ளையள் ஒண்டும் நாளைக்கு வராது" என்றார். அதிபர் ரீச்சரைப் பார்த்தார். மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து தாய்மாரும் முன்வரிசையில் இருந்தார்கள், ஒவ்வொருவரும் மற்ற நாலு பேரையும் பார்த்துக்கொண்டு. யார் என்று கண்டுபிடிக்க நானும் பார்த்தேன். ஐந்து பேர் முகத்திலும் ஒரே பயம்தான் இருந்தது.

ரீச்சர் எழும்பினார். வழக்கமான சத்தம் இல்லை. "ஆரெண்டுதானே கேக்கிறீங்க? எனக்குத்தான்" என்றார். "என்ட ரத்தத்திலதான் அந்தக் கிருமி இரிக்கு. அதாலதான் இவ்வளவு காலமும் கிளவுஸ் போட்டனான். உங்கட புள்ளையளுக்கு என்னால ஒண்டும் வந்திரக் கூடாதெண்டு. நேத்து அவசரத்தில கிளவுஸ் கிழிஞ்சிட்டு, என்ட விரல்ல வெட்டுக்காயம் இரிந்தது. அதுக்குத்தான் இந்தப் புள்ளையளுக்கு ஊசி. இனியும் நிண்டு கதைச்சா ஊசி போடுற நேரந்தான் போகும்."

மண்டபம் ஒரு பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சை நான் மறக்க மாட்டேன். எத்தனை வருடமாக ஊர் மனதுக்குள் வைத்துக் குமைந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அருவருப்பு அவருக்குத் தங்கள் பிள்ளைகள் மீது இல்லை, சீக்கு தங்கள் பிள்ளைகளிடமும் இல்லை. வாசலில் நின்று கத்திய அந்தத் தகப்பன் முதல் ஆளாக, "நான் அண்டைக்கே நினைச்சன்" என்றார். பொய்யன். அவர் நினைக்கவே இல்லை. ஐந்து பிள்ளைகளையும் ஒரே வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

அன்று பின்னேரம் பாதையில் ரீச்சரைச் சுற்றி இடம் வெளித்திருந்தது. செய்தி எங்களுக்கு முன்னமே துறைக்கு வந்துவிட்டது போல. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். எனக்குக் கோபம். நேற்று அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் உறை மாற்றியதைக் கண்ணால் கண்டவன் நான், ஒன்றும் கிழியவில்லை. "என்னத்துக்கு ரீச்சர் இப்பிடி ஒரு பொய்?" என்று கேட்டேன். அவர் வாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒண்டுமில்ல சேர். ஊசியெல்லாம் போட்டு ரத்த ரெஸ்ட்டும் எடுத்திரிக்கு. ஆனா அவங்களுக்கு ஒரு பேர் வேணும். குடுக்காட்டி அவங்களே ஒண்டத் தேடி எடுப்பாங்க." நான் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தேன். "கேளாதீங்க" என்றார். கேட்கவில்லை. பாதை கரையை நெருங்கியபோது அவரே, "எனக்கு இன்னும் கொஞ்ச வருசந்தான் சேர்விஸ். அந்தப் புள்ளைக்கு இனித்தான் எல்லாம்" என்றார். கரை வந்ததும் எங்களுக்கு வழிவிட்டு எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். மரியாதைக்கு இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவரை ஒதுக்கச் சண்டை தேவையில்லை, ஒரு கிளாஸ் போதும். அடுத்த கிழமை தேநீர்த் தட்டில் ஒரு கிளாஸின் அடியில் சிவப்புப் புள்ளி இருந்தது. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. ரீச்சர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லதாப் போச்சு, இனி என்ட கிளாஸ் காணாமப் போகாது" என்று சொல்லிவிட்டுக் குடித்தார். கிளாஸால், சாப்பாட்டால், தொடுவதால் அது தொற்றாது என்று அவரே ஒவ்வொரு வருடமும் வகுப்பில் படிப்பித்தவர். அதைப் படித்துச் சித்தியடைந்தவர்கள்தான் அந்த அறையில் இருந்தவர்களும். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நான் வாயைத் திறந்தால் அவருடைய பொய் உடையும், உடைந்தால் கேள்வி நேராக அந்த ஐந்து பிள்ளைகளிடம் போய் நிற்கும். அதனால் நானும் தேநீரைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

வலைப்பந்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அதுதான் அவரை உண்மையில் உடைத்தது. பிள்ளைகளைத் தொட்டுப் பழக்கக் கூடாதாம். மைதானத்தின் ஓரத்தில், மதிலோடு நின்று, விசில் இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பந்து அவர் பக்கம் உருண்டு வந்தால் எடுக்க மாட்டார், பிள்ளை வந்து எடுக்கும் வரை நிற்பார். குரலும் அந்த வருடத்தோடு சிறுத்துவிட்டது. பள்ளிக்கூடப் பொங்கலுக்கு அகப்பை பிடிக்கிறவர் அவர்தான், அதையும் வேறொருவரிடம் கொடுத்தார்கள். முதலுதவிப் பை என் தோளுக்கு வந்தது. "எல்லாருக்கும் ஒரே மாதிரி சேர், ஒரு புள்ளைக்கும் விடாதீங்க" என்று சொல்லித்தான் தந்தார். நான் உறை போடத் தொடங்கியதும் ஊரில் அடுத்த கதை புறப்பட்டது. "சேருக்கும் தொத்திட்டுதாம், ரெண்டு பேரும் ஒண்டாத்தானே பாதையில போறவங்க." என் மனைவி அதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்து பிள்ளைகளும் சாதாரண தரப் பரீட்சை எழுதினார்கள். மண்டபத்தில் நடுவே விசிறிக்குக் கீழே, முன்னும் பின்னுமாக இருந்து எழுதினார்கள். மேற்பார்வைக்கு நின்ற ரீச்சர் அவர்களுக்குக் கிட்டப் போகவில்லை. வாசலில் நின்று பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவ்வளவுதான். பிறகு ஒருநாள் அவர் ஓய்வுபெற்றுப் போனார். பிரியாவிடை விழாவில் மாலை போட்டவர்கள் கழுத்தில் கை படாமல் போட்டார்கள். கிளாஸை யாரும் எறியவும் இல்லை, எடுத்துக் குடிக்கவும் இல்லை. அது மேல்தட்டுக்குப் போனது.

இந்த வருடம் முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிற நாளில் ஆசிரியர் அறையில் மேசை போட்டு நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் இருந்தோம். இப்போது நான் பிரதி அதிபர், பை இன்னும் என் கதிரையில்தான் தொங்குகிறது. பெற்றோருக்குத் தேநீர் கொடுப்பது எங்கள் வழக்கம். அன்றைக்குக் கூட்டம் கூட, கிளாஸ் போதவில்லை. தேநீர் போடுகிற அக்கா அலுமாரியைத் துழாவி அந்தக் கிளாஸை எடுத்துவிட்டார். அடியைத் திருப்பிப் பார்த்ததும், "ஐயோ, இது வேணாம், அந்த வருத்தக்கார ரீச்சர்ர" என்று திரும்ப வைக்கப் போனார்.

மேசைக்கு முன்னால் ஒரு இளம் தாய் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அந்த ஐவரில் ஒருத்தி, எனக்கு அடையாளம் தெரிந்திருந்தது. அவள் கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே அந்தப் புள்ளி மச்சம் போல இருந்தது. "தாங்க அக்கா" என்றாள். "அது ரீச்சர்ர இல்ல. என்ட கிளாஸ்."

அறையில் எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. அக்கா என்னைப் பார்த்தார். அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ரீச்சருக்கு ஒருநாளும் ஒண்டும் இரிக்கல்ல சேர். எனக்குத்தான். இவள் பிறந்தண்டே இவளுக்கு ஊசி போட்டாச்சு, பிறகு ரத்த ரெஸ்ட் எடுத்துப் பாத்தது, ஒண்டுமில்ல. பிறக்கக்குள்ள ஆஸ்பத்திரியில வந்து நிண்டதும் ரீச்சர்தான். நான் உண்மையச் சொல்லிரட்டா எண்டு எத்தின தரம் கேட்டும் விடல்ல. இப்ப நான் கேக்காமச் சொல்றன்." எனக்கு விண்ணப்பத்தில் எந்தப் பக்கத்தில் இருந்தேன் என்பதே மறந்துவிட்டது.

அக்கா தேநீரை ஊற்றினார். கிளாஸ் நிறைய ஊற்றினார். அவள் பாதியைக் குடித்தாள். மடியிலிருந்த சின்னவள், "எனக்கும்" என்று கையை நீட்டினாள். தாய் ஊதி ஆற்றி, அதே கிளாஸை மகளின் வாயில் பிடித்தாள். சின்னவள் அடிவரை குடித்துவிட்டுக் கிளாஸைத் தலைகீழாகப் பிடித்து, அந்தச் சிவப்புப் புள்ளியை விரலால் சுரண்டிப் பார்த்தாள்.

அக்கா தட்டை எடுக்க வந்தார். மற்றக் கிளாஸ்களை அடுக்கிவிட்டு, அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "இத என்ன செய்யிற சேர்?" என்று கேட்டார்.

"எல்லாத்தோடயும் சேத்துக் கழுவுங்க" என்றேன்.